நான் முறித்த மேப்பிள் கொப்பு

சேர், இன்று குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கும்போது நீங்கள் தந்த தேயிலை ஊறுகாய்ப் போத்தல் பின்னால் கிடந்தது. மூடியைத் திறந்தேன். அந்தப் புளித்த மணம் வந்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

முதல்முதல் தந்தபோது அது தின்கிற சாமான் என்று எனக்குத் தெரியாது. தேயிலைதானே என்று பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்து, பால் திரிந்தது தெரியாமல் உங்களிடமே நீட்டினேன். ஒரு வாய் குடித்தீர்கள்.

"தங்கச்சி, இதை பர்மாவில பார்த்தா உன்னை ஜெயில்ல போடுவாங்க. என்னையும் பிடிக்கத்தான் காத்திருக்காங்க. சேர்ந்தே போகலாம்."

"ஜெயில்ல சமையல் ஆர் சேர்?"

"நீ இல்லை!"

நீங்கள் அங்கே சரித்திரம் படிப்பித்தவர். பழைய கோயில் கல்வெட்டுகளை வாசித்துப் புத்தகம் எழுதியவர். ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பிடிக்காததையும் எழுதியதால் திரும்பிப் போக வழியில்லை. மொன்றியலில் என் வீட்டுக்கு எதிர்க்கதவில் வந்து இருந்தீர்கள். ரங்கூனில் தமிழ்க் கடைக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்ததால் நல்லாய்த் தமிழ் பேசுவீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் உங்கள் ஊர் வழக்கங்களை எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொல்வீர்கள்.

ஒருநாள் சாவுவீட்டு வழக்கம் சொன்னீர்கள். சுடலையில் ஒரு மரக்கொப்பு முறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், செத்தவரின் உயிர் அதில் ஏறி வருமாம். ஏழாம் நாள் பிக்கு ஓதியதும், இனி உனக்கு இங்கே ஒன்றுமில்லை, போ என்று சொல்லி அனுப்ப வேண்டுமாம். சொல்லாவிட்டால் அது வாசலிலேயே அலையுமாம்.

"உடம்பே கிடைக்காட்டி எங்க போய்க் கொப்பு முறிக்கிறது சேர்?" என்று கேட்டேன். எங்கள் ஊர்ச் சண்டைக் காலத்தில் காணாமல் போன என் அண்ணையை நினைத்துத்தான் கேட்டேன். எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் நீங்கள் அன்று எழும்பி என் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தீர்கள்.

மாசி மாதம் உங்களை எரித்தார்கள். எரிக்கிற இடத்துக்கு வெளியே நின்ற மேப்பிளில் இலையில்லாத ஒரு கொப்பை முறித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏழாம் நாள் பிக்கு ஓதி முடித்தார். உங்கள் மகள் இங்கிலீஷும் பிரெஞ்சும் கலந்து கெஞ்சினாள், நீங்களே சொல்லுங்கள் ஆன்ட்டி, அப்பா உங்களோடுதான் வாய்விட்டுப் பேசுவார் என்று.

கொப்புக்கு முன்னால் நின்றேன். வெளிக்கிடுகிற ஒருவரை எங்கள் ஆட்கள் போ என்று சொல்வதில்லை. கடைசியாக அண்ணை வாசல் படலையைத் திறந்து வெளிக்கிட்டபோதும் நான் அப்படிச் சொல்லவில்லை.

"போயிட்டு வாங்கோ சேர்" என்றுதான் வாயில் வந்தது.

சொல்லியாயிற்றா என்று மகள் கேட்டாள். தலையாட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. கொப்பை எடுத்துப்போய் வெளியே பனியில் வைத்தாள்.

திரும்பிப் போக ஊரில்லாமல் இவ்வளவு காலம் இருந்த உங்களை நானும் மறித்துவிட்டேனோ என்ற பயம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்காவது போங்கோ என்று மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் விடிய நினைக்கிறேன். வாய் வரவில்லை, சேர்.