ஐந்தாவது கம்பி

என் சண்டைக்காரிக்கு,

மகள் சொல்வதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். "பேஞ்சோக் கம்பின்னா ஈரக்காத்துக்குத் தளரத்தான்பா செய்யும். அம்மா தவறி ரெண்டு மாசமாச்சு, அவங்களை ஏன் இழுக்கறீங்க?" என்கிறாள்.

மற்ற நான்கு கம்பிகளும் அசையவில்லையே! கட்டைவிரலால் மீட்டும் அந்த ஐந்தாவது மட்டும் தினமும் சுருதியில் மயிரிழை இறங்கியிருக்கிறது. உன் குரலுக்குத் தோதாக எனக்குத் தெரியாமல் இறக்கி வைப்பாயே, அதே அளவு. இருபத்தாறு வருடம் அதற்காகவே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டோம். இந்த இரண்டு மாதமும் நான் ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். வீம்புதான்.

இன்று ஏற்றாமல் அப்படியே ஒத்திகைக்கு எடுத்துப்போனேன். வாசித்து முடித்ததும் வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். "யோவ், இப்ப கூடப் பாடுனது யாரு?" என்றார். நீ போனதிலிருந்து பாட ஆளில்லாமல்தான் நாங்கள் வாசிக்கிறோம் என்று அவருக்கும் தெரியும். பேஞ்சோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பூட்டியது நான், சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. கம்பி ஏறியிருக்கிறது, என் சுருதிக்கே.

விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடாதே. நாளைக்குப் பழையபடி இறக்கி வை.

உன் வீம்புக்காரன்