மிதித்தால் எரியும் பல்பு

12 ஜூன் 1996
அண்ணன் அன்புமணி பாலிடெக்னிக்கில் படித்துப் படைத்த உலக அதிசயம்: தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஆபத்து மணி. பக்கத்து வீட்டுத் திருமலைசாமி தாத்தாவின் சுவரில் சிவப்புப் பொத்தான். எங்கள் அடுக்களையில் மணி. "அன்பு போயிருச்சு, மணிதான் மிச்சம்" என்றேன். தலையில் குட்டு.

3 ஜூலை
தாத்தா வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை கிடந்திருக்கிறார். பொத்தான் கைக்கு எட்டும் தூரம்தான்!
"ஏனுங்க தாத்தா, அழுத்தலீங்களா?"
"மணியடிச்சு மனுசங்களக் கூப்புடறதா கண்ணு? அது மருவாதியா?"
சென்னையிலிருந்து அவர் மகள் வெங்கடலட்சுமி போன் செய்தார்: இன்னும் ஒரு மாதம் பார்ப்பாராம், பிறகு கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். தாத்தா இன்றைக்குச் சாப்பிடவில்லை.

4 ஜூலை
"செய்யறதுக்கு முந்தி அவரை ஒரு வார்த்தை கேட்டியாடா?"
அம்மா கேட்டதும் அண்ணன் தாத்தா வீட்டுக்குக் கிளம்பினான்.

20 ஜூலை
கேட்டாயிற்று. "நா கூப்புட மாட்டனுங்க. நா இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."
அவர் காட்டிய இடத்தில், அடுப்படி வாசலில், ஒரு பலகை. விடிந்ததும் மிதிப்பார், எங்கள் அடுக்களையில் பல்பு எரியும். எரியாவிட்டால் நாங்கள் ஓட வேண்டும். இரண்டு மிதி மிதிக்கிறார். இரண்டாவது எனக்காம்!

11 ஆகஸ்ட்
மகள் பலகையை நம்பவில்லை. கூட்டிப் போய்விட்டார். அண்ணன் ஒயரைக் கழற்றிப் பரண்மேல் போட்டான்.

12 ஆகஸ்ட்
விடியலில் பல்பு எரிந்தது. இரண்டு தடவை.
"எழிலு, உன்ற வேலைதான?" என்றார் அம்மா. இல்லீங்கம்மா! சத்தியமா!

19 ஆகஸ்ட்
தினமும் எரிகிறது. தாத்தா வீட்டுச் சாவி எங்களிடம்தான், போய்ப் பார்த்தோம். பலகைமேல் தூசி. காலடி இல்லை. அண்ணன் பரணில் ஏறிப் பார்த்தான்: ஒயர் அங்கேயேதான் கிடந்தது.

2 செப்டம்பர்
இன்று எரியவில்லை.
பல்பைக் கழற்றிப் போடச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் பதறினார்: "சென்னைக்குப் போன் போடு!"
"அப்பா தூங்கறாருங்க" என்றார் மகள்.
"எழுப்பிப் பாருங்க அம்மணி!"
சர்க்கரை இறங்கி, நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "கெட்ட கனவுங்க" என்று அம்மா சமாளித்துவிட்டார்.

15 செப்டம்பர்
தாத்தா வந்துவிட்டார், இனி இங்கேயேதான். "பக்கத்து ரூம்ல இருந்த எனக்குத் தெரியலீங்க, உங்களுக்குத் தெரிஞ்சுதே" என்று மகள் அழுதார்.
மறுபடி மாட்ட அண்ணன் ஒயரோடு போனான்.
"அதெதுக்கு கண்ணு?" என்றார் தாத்தா. "சென்னையில மிதிச்சதுக்கே எரிஞ்சுதல்லோ?"
அவரிடம் யார் சொன்னது?
நான் இல்லை. நெசமாலுமே நான் இல்லை.