மாமாவுக்கு மாலை போட்ட பேனர்

திண்டிவனம்
24.5.2008

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாக ஷார்ஜாவில் பேனர் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தோணி பிரபு அவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு நம் தாயார் அற்புதமேரியின் மூக்குக்கண்ணாடி காலமாகிவிட்டது. நாற்காலியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது அதன் மேல் கனமான பொருள் ஒன்று விழுந்ததே காரணம். அந்தக் கனமான பொருள் நான்தான். எனவே புதுக் கண்ணாடி வரும்வரை அம்மா சொல்லச் சொல்ல அம்மாவின் கடிதத்தை நான் எழுத வேண்டும் என்பது தீர்ப்பு.

அன்பு மகன் பிரபுவுக்கு அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. மாதா தயவில் இங்கே அப்பாவும் உன் தங்கை வெனிலாவும் நானும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். (ஆண்டோவாகிய நானும் சுகம் என்று சேர்க்கட்டுமா என்று கேட்டேன், "அவனுக்கு இன்னா கேடு" என்றாள். சேர்த்துவிட்டேன்.) அங்கே வெயில் அதிகமாமே, தலைக்கு எண்ணெய் வை, குப்பூஸ் ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறதாம். அது சட்டை மடிப்பு என்று நான் எவ்வளவோ சொல்லியும் அம்மா நம்பவில்லை. தோலுரித்து வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு டப்பா கட்டி வைத்திருக்கிறாள், யாராவது ஆள் வந்தால் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வெனிலா கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கினாள். அம்மா இப்போது மல்லாட்டை டப்பாவை மூடப் போயிருப்பதால் முக்கியமான செய்தியை நானே எழுதிவிடுகிறேன். அண்ணா, அவள் புதுநன்மைக்கு எட்டடிக்கு ஆறடி பேனர் வைத்தோம், டிசைன் உன் தம்பி. பரீட்சை முடிந்து இரண்டு மாதமாகப் புகழேந்தி அண்ணன் ஃபிளக்ஸ் கடையில் கிடையாய்க் கிடந்து கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. பாண்டி ரோட்டில் கட்டிய அன்றே ஜனங்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வானூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். சவுரியம்மாள் அத்தை என் பேனர் முன்னால் நின்று கண்ணீர் விட்டே அழுதாள். முதல் படைப்புக்கே இப்படி யாருக்குக் கிடைக்கும்?

இந்த இடத்தில் அம்மா திரும்பி வந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "ஏன் அழுதான்னு எவன்டா எழுதுவான், பக்கத்து ஊட்டுக்காரனா?" என்று கேட்டுத் தலையில் ஒன்று வைத்தாள். ஆகவே காரணமும் எழுதப்படுகிறது. விக்கிரவாண்டி செபஸ்தியான் மாமாதானே வெனிலாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன், வெள்ளை கவுன், மெழுகுவர்த்தி எல்லாம் அவர்தானே எடுத்துத் தருகிறார், அவருக்குத்தான் பேனரில் பெரிய இடம் என்று முடிவு பண்ணினேன். கடைக் கம்ப்யூட்டரில் ரோஜா மாலை போட்ட ஒரு ஃபிரேம் இருந்தது, கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அவ்வளவு அழகு. அதில் யாருடைய பெயரோ, தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் இருந்தன. அதையெல்லாம் அழித்துவிட்டு மாமாவை உள்ளே உட்கார வைத்தேன். நம் வீட்டில் இருந்த அவருடைய ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை, அதை மேலே மேகத்துக்கு நடுவில் வைத்தேன். கீழே நாமெல்லாம் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறோம். "எங்கள் பாசமிகு மாமா" என்று ஒரு வரி. வெனிலா ஓரமாக, புறா சைஸுக்கு.

சவுரியம்மாள் அத்தை பஸ்ஸில் போகும்போது இதைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, "சொல்லாம போயிட்டியே மவராசா" என்று நம் வாசலில் வந்து விழுந்தாள். அம்மா விவரம் கேட்பதற்குள் வானூருக்குப் போன் போய்விட்டது. அந்த வேன் நம் வீட்டுக்கு வந்து நிற்காமல் நேரே விக்கிரவாண்டிக்கே போனது. அங்கே மாமா அவர் டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுபோன மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை மாமா வந்து பேனர் முன்னால் பத்து நிமிடம் நின்றார். "உசுரோட கீற ஆளுக்கு எதுக்குடா வெளக்கு?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து வெனிலா பக்கத்தில் நின்றார், ஆனால் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடவில்லை. "என் முப்பதாம் நாள் சோத்த நானே துன்னணுமா?" என்று போய்விட்டார். அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம், நீ மாமாவுக்கு ஒரு போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டுமாம்.

இப்போது என் வழக்கு. அப்பா பாலிடெக்னிக் மெக்கானிக்கல் ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறார், ஜூன் பதினைந்து கடைசித் தேதி. எனக்கு ஸ்பானரும் வேண்டாம், லேத்தும் வேண்டாம், டிசைன்தான் வேண்டும். புகழேந்தி அண்ணன் என் பேனரைப் பார்த்து, "ஏழு கலரு, அஞ்சு தினுசு எழுத்து, நாலு புறா. பாக்கறவன் கண்ணு எங்கடா போயி உக்காரும்?" என்றாலும், ஒரு வருடம் கூட வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். அப்பா மில்லிலிருந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, "பிரபு அந்தத் தொழில்லதான் கீறான். அவன் பாத்து இவன் தேறுவான்னு சொன்னா போவட்டும். இல்லன்னா வாய மூடிக்கினு கையெழுத்துப் போடட்டும்" என்றார். அதனால் மாமா பிரச்சினைக்குப் பிறகு புதிதாகச் செய்த டிசைனைப் பளபளப்பான தாளில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வெனிலா நடுவில் பெரிதாக, மாமா கலர் போட்டோவில் சிரித்துக்கொண்டு, எழுத்துக்கெல்லாம் நல்ல காற்றோட்டம். யார் கையும் படாமல் நானே செய்தது. தம்பி என்று பார்க்காமல் குறை இருந்தால் சொல், இருக்காது.

அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள்: மாதா உன்னைத் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, ஈரத் தலையோடு ஏசி ரூமுக்குள் போகாதே. வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அப்பாவிடம் பேசு, அவர் உன் வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
அற்புதமேரி
(கைப்பட எழுதியது: ஆண்டோ)

அண்ணா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், கவரை இன்னும் ஒட்டவில்லை. அந்தப் பளபளப்பான தாள் நான் செய்ததில்லை. கடையில் டிசைன் பண்ணும் கலையரசி அக்கா செய்தது. வெனிலா பெயருக்குக் கீழே ஒரு கோடு மட்டும் நான் போட்டேன், அதுவும் கோணல் என்று அவங்களே நிமிர்த்தினாங்க. அதைப் பார்த்து நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அப்பா கடைக்கு அனுப்பிவிடுவார்தான். ஆனால் எனக்கு டிசைன் வருமா வராதா என்று எனக்கே தெரியாமல் போய்விடும், வேறு யாரிடம் கேட்பேன். அதனால் மாமா மேகத்தில் இருக்கும் என்னுடையதையே சின்னதாகப் பிரிண்ட் எடுத்து அடியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தே அப்பாவிடம் சொல். குறைகளைத் தாளிலேயே சிவப்புப் பேனாவில் எழுதித் திருப்பி அனுப்பு, இடம் போதாவிட்டால் பின்பக்கமும் காலிதான்.