கடலுக்கு ஏற்ற நூல்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

கடையில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பால் பொங்கி வழியாமல் காய்ச்சக் கற்றுக்கொண்டேன் என்றால் நம்ப மாட்டாய். ஆபரேஷன் காயம் நன்றாக ஆறிவருகிறது, கழுத்துத் துளை வழியாக மூச்சுவிடப் பழகிவிட்டாய் என்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் உன் தங்கை எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நீ யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டக் கொடுத்த சிலேட்டையும் தொடுவதில்லையாம். ஒரே ஒரு முறை எழுதினாயாம், “என் பெயிண்ட் பெட்டி, ஸ்டாண்டு எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடச் சொல்லு” என்று.

கொடுக்கத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வாங்கிக்கொள்ள வந்திருந்தார். ஸ்டாண்டில் நீ பாதியில் விட்ட படம் அப்படியே இருந்தது. வானம் முடிந்திருந்தது, பாறை முடிந்திருந்தது. கடல் வர வேண்டிய இடம் வெறும் வெள்ளைத் துணி. அதைப் பார்த்ததும் “இப்ப வேணாம் சார், இன்னும் வேலை பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டேன். யாருடைய வேலை என்று அந்த மனிதர் கேட்கவில்லை. நல்லவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, நீ வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போனேன். சிரிக்காதே, நூல் பெட்டியையும் எடுத்துப் போனேன். எந்தத் துணியைக் கொண்டுவந்தாலும் அதற்கு ஏற்ற நூலை எடுத்துக் கொடுக்கிறவனுக்குக் கடல் என்ன பெரிய கடல் என்று ஒரு திமிர். ஒரு பச்சை நூலைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தேன், சரியாகப் பொருந்தியது. கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஒரு மேகம் வந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிட்டது. சாம்பல் நூலைத் தேடி எடுத்தால் வெயில் வந்துவிட்டது. வலை பின்னுகிற அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்ன டெய்லரே, கடலுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறீங்களா?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் துணிந்து தூரிகையை எடுத்தேன். நான் பூசிய நீலம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது. போதாதற்கு ஒரு காற்று வந்து ஸ்டாண்டையே சாய்த்துவிட்டது. படம் குப்புற விழுந்து, ஈரப் பெயிண்டு முழுவதும் மணல். கைக்குட்டையால் துடைக்கப் போனேன். மேலிருந்து பார்த்துவிட்டு விளக்குக்காரர் இறங்கி ஓடி வந்தார்.

“கை வைக்காதீங்க, இன்னும் கெட்டுப்போகும். அவங்க வந்து சரி பண்ணிக்கட்டும். எப்ப வர்றாங்க?”

குரல்வளையை எடுத்துவிட்டார்கள், இனிமேல் அவளால் பழையபடி பேச முடியாது, அதனால் பெயிண்ட் பெட்டியையே யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“அவங்க இங்க வந்து என்னைக்குங்க பேசினாங்க? வருவாங்க, தலையை ஆட்டுவாங்க, உக்காந்து வரைவாங்க. வெயில் ஏறினா கிளம்பிடுவாங்க. இத்தனை வருஷத்துல அவங்க குரல் எப்படின்னே எனக்குத் தெரியாது.”

நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் வாய் ஓயாமல் பேசி என் காதைத் தேய்த்த நீயா இங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாய்? எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். காற்று பலமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் உன் குரல் இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடற்கரையில் உனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீ போன மாதம் எப்படி இருந்தாயோ அப்படியேதான் இருப்பாய்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். டாக்டரிடம் மற்ற எதைப் பற்றியும் நான் கேட்கப்போவதில்லை. நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பரிசோதனை முடிவு வருகிறபோது வரட்டும். கடல் காற்றில் உட்காரலாமா என்று மட்டும் கேட்பேன். துளைக்குள் மணல் போகக் கூடாது இல்லையா, அதற்காக மெல்லிய பருத்தியில் கழுத்துத் துணிகள் தைத்திருக்கிறேன். மூச்சு முட்டாது, என் கழுத்திலேயே கட்டிப் பார்த்துவிட்டேன். நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, சாம்பலில் ஒன்று. எது பிடிக்கிறதோ அதை நானே கட்டிவிடுகிறேன்.

வேண்டாம் என்று மட்டும் தலையாட்டிவிடாதே, கண்ணு.

இன்னும் நிறைய வருஷம் உன்னோடு சண்டை போட ஆசைப்படும்,
உன் தையல்காரன்