சீட்டில்லாமல் வந்த அளவு

புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவேன். அதைக் கையில வச்சிருந்தப்ப உங்களுக்கு ஏதாவது தோணிச்சாம்மா என்று வீட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவரான பாட்டு டீச்சர் கேட்டார். தோன்றியது என்று நான் சொல்லவில்லை. ஒண்ணும் தோணலைங்க என்றேன். உன் அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீயும் உன் முதுகும் நலமா? இங்கே உடம்புக்கு இருவருக்கும் குறையில்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன். நின்றபடி வேலை செய்கிறவள் மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொள் என்று மூன்று முறை சொல்லியாயிற்று, நீ சரி சித்தி சரி சித்தி என்று சொல்கிற வேகத்திலேயே வாங்கவில்லை என்று தெரிகிறது. உன் அறைத்தோழி இன்னும் உன் சீப்பைத்தான் எடுக்கிறாளா, சிரித்துக்கொண்டே ஒருநாள் கேட்டுவிடு, மனதில் வைத்துக்கொள்ளாதே. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம், எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்வதே என் குணம் என்று உனக்குத் தெரியும். நம் இருவருக்கும் பதினொரு வயதுதான் வித்தியாசம், மகளே என்று எழுதும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நிற்கும், இன்றைக்கு நிற்கவில்லை, ஏனென்றால் இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. போன வாரம் அப்பா ஏன் ஒரு மாதிரி பேசறார் என்று நீ கேட்டபோது பட்டறையில் வேலை அதிகம் என்றேன். அது பொய்.

அவர் வேலையை நீ பார்த்து வளர்ந்தவள். பல் மருத்துவர் யாரோ ஒருவருடைய வாய்க்கு அச்செடுத்து, கூட ஒரு சீட்டும் வைத்து அனுப்புவார், அந்த ஆளை உன் அப்பா கடைசிவரை பார்க்கப்போவதில்லை, சீட்டில் இருக்கிற வயதையும் பல் நிறத்தின் எண்ணையும் வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு செதுக்கிப் பல் பதித்து அனுப்புவார், வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று வந்தால்தான் அது பல்செட்டாகும். இருபத்தாறு வருடமாக முகம் தெரியாதவர்களுக்கு அளவு பார்த்துச் செய்கிற கை. மூன்று மாதம் முன்பு ஒரு காலையில், குளிக்கப் போவதற்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டறை மெழுகில் எதையோ செதுக்கிக்கொண்டிருந்தார். என்னங்க இது என்றேன். தெரியலை, கை போகுது என்றார். உள்ளங்கை அளவில் ஒன்று, ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழிவு, குழிவுக்குள் மூன்று சின்னப் பள்ளங்கள். காது மாதிரி இருந்தது, ஆனால் காது இல்லை. எது மேல் எது கீழ் என்று சொல்ல முடியாது. மறுநாளும் அதையே செதுக்கினார். இப்படி விட்டுவிட்டு இந்த மூன்று மாதத்தில் முப்பத்தொன்று ஆயிற்று. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை என்று அவரே பயந்துபோய்ச் சொன்னார்.

வேறு யாராவது இருந்தால் எனக்குள்ளும் ஒரு கலைஞன் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். உன் அப்பா சீட்டைத் தேடினார். ஆர்டர் இல்லாம கை இப்படி ஓடாதும்மா, யாரோ அளவு குடுத்திருக்காங்க, சீட்டுதான் இன்னும் வந்து சேரலை என்றார். பட்டறை முதலாளி என்னிடம் போனில், உங்க வீட்டுக்காரர் வேற கிரகத்துக்குப் பல்லு கட்டறாராமே, அவங்களுக்கு வாய் எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வந்தார் ஆண்டெனா. வானிலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முதலாளி வைத்த பெயர்தான் அது. பல்செட் கடிக்கிறது என்று நேரே பட்டறைக்கே சண்டைக்கு வந்தவர், மேஜையில் இருந்த மெழுகைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டாராம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அவரும் பாட்டு டீச்சரும் இன்னும் நான்கு பேரும் வாராவாரம் கூடுகிறார்கள். நம் பாட்டுகளும் மண்டபங்களின் வளைவுகளும், கண்மூடி உட்காருகிறவர்களில் சிலருக்கு வருகிற அந்த அமைதியும்கூட, இந்தப் பூமியில் பிறந்தவை அல்ல என்பது அவர்கள் எண்ணம். வெகுதொலைவில் இருப்பவர்கள் காலங்காலமாக மனிதர்களுக்குள் வைத்து அனுப்புகிறார்களாம். பாட்டு தானாக வந்தது என்றும் கனவில் வடிவம் கண்டேன் என்றும் சொன்னவர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அன்றைக்குத் தெய்வம் என்றார்கள், இவர்கள் வேற்றுக்கிரகம் என்கிறார்கள், விலாசம் மாறியிருக்கிறது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உன் அப்பா முகம் தெளிந்துவிட்டது. அனுப்புகிறவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து இருந்துவிட வேண்டும் என்றார்கள், அவரை மட்டும். நானும் வருகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார், துவைக்கப் போடும்போது பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். ஆனால் அவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. தங்களைச் சேராத ஒருவர் அதைக் கையில் வைத்து எதையாவது உணர வேண்டும், உணர்ந்தால் அது அங்கிருந்து வந்த பொருள், இல்லாவிட்டால் வெறும் கைப்பழக்கம். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள். வாயில வச்சுப் பார்க்கற மாதிரிதான், நீ உள்ளதைச் சொல்லு போதும் என்று உன் அப்பா காலையிலேயே சொல்லியிருந்தார்.

அதற்குப் பத்து நாள் முன்பே எனக்கு அது நடந்துவிட்டது. மேஜை துடைக்க அதில் ஒன்றை எடுத்து நகர்த்தினேன். பிடித்தபடியே நின்றுவிட்டேன். எப்படிச் சொல்வது, யாரோ என்னை முழுதாகக் கேட்டு முடித்ததுபோல் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை, ஆனாலும் கேட்டு முடித்தாயிற்று. பயமில்லை, வெளிச்சமில்லை, குரல் எதுவுமில்லை. குளியலறையில் வாளி நிரம்பித் தண்ணீர் கூடத்துக்கு வந்து கால் நனைந்த பிறகுதான் நினைவு வந்தது. நாளெல்லாம் பாடப்புத்தகத்தில் பிழை திருத்துகிறவள் நான், எங்கே தவறு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, இதில் எங்கே குறி போடுவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கையில் கொடுத்தார்கள். மறுபடி அதே.

ஒண்ணும் தோணலைங்க என்றேன். அவர் போய்விடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று முதலில் நினைத்தேன். மூன்று நாளாக யோசிக்கிறேன், அது பாதிதான். என்னைக் கேட்டது எங்கேயோ இருக்கிற ஒருவர் என்றால், உன் அப்பா வெறுமே கொண்டுவந்து கொடுத்தவர் ஆகிவிடுகிறார். ஆறு வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், நான் பேசாததையெல்லாம் அவர்தான் கேட்டிருக்கிறார், அதுதான் அவர் கைவழியாக வந்திருக்கிறது என்று நம்ப எனக்கு ஆசை. அப்படியும் இருக்கலாம் இல்லையா? இது உங்க மனசுல இருந்து வந்ததுதானே என்று முன்பே அவரைக் கேட்டிருக்கிறேன், சத்தியமா நான் இல்லைம்மா என்றார். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. சில நேரம் இரண்டும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது, அடுத்த நிமிடம் நான் ஒரு பைத்தியம் என்று தோன்றுகிறது.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆண்டெனா படியிறங்கும்போது பல்செட் இன்னும் கடிக்குதுப்பா என்றார், உன் அப்பா நாளைக்கு வாங்க ராவித் தர்றேன் என்றார். பிறகு சட்டைப்பையில் இருந்ததை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கோபம் இல்லை. திங்கட்கிழமை காலை முப்பத்தொன்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் நேராகக் குளிக்கப் போகிறார். அவர் இங்கே இருக்கிறார், நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் மேஜைக்கு எதிரே, மருத்துவர் சீட்டில் பெயர் எழுதாத யாரோ ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கிறது. இன்று சாயங்காலம் சொல்லிவிடப் போகிறேன். மறுபடி கடிதம் எழுதிப் பையில் வைத்தால் வைக்கட்டும். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன், உன் பதில் வருவதற்குள் எனக்குப் பொறுக்காது.

உன் கை நல்ல காரியம் செய்யட்டும், உன்னைச் சுற்றி உன்னைக் கேட்கிற மனிதர்கள் இருக்கட்டும். செருப்பை மறக்காதே. அப்பாவோடு ஞாயிறுதோறும் பேசு, இதைப் பற்றி அவராகச் சொல்லும்வரை கேட்காதே.

என்றும் உன் நலம் விரும்பும்,
சித்தி

வியாழன் காலை. உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். நேற்றுச் சொல்லிவிட்டேன். வாளி நிரம்பியது வரை சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. மேடா இருக்கற பக்கமா, குழிவா இருக்கற பக்கமா, எது உள்ளங்கையில பட்டுச்சு என்று மட்டும் கேட்டார். குழிவு என்றேன். சரிதான் என்றார். ஒன்றைக் கொண்டுவந்து கொடுங்கள், இன்னொரு தடவை பிடித்துப் பார்க்கிறேன் என்றேன். பொருந்தாததை நாங்க வச்சிருக்க மாட்டோம்மா என்றார். திங்கட்கிழமை போனதுமே முப்பத்தொன்றையும் மெழுகுச் சட்டியில் போட்டு உருக்கிவிட்டாராம், அந்த மெழுகில் ஐந்து பேருக்கு ஈறு செதுக்கி அனுப்பியும் ஆயிற்று. இன்று விடிந்ததும் புது மெழுகும் கத்தியும் எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகும்வரை இருந்தோம். கை ஓடவில்லை.