மேலே இரண்டு, கீழே இரண்டு

குருநகர்
12.05.2024

சிவரூபனுக்கு,

("அன்பின்" என்று எழுதித்தான் தொடங்கினேன். கோபம் நினைவுக்கு வர அழித்துவிட்டேன்.)

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை முழுக்கத் தெரியாத இலக்கமொன்றிலிருந்து உனக்கு அழைப்பு வந்து, நீ "ஹலோ" என்றதும் வெட்டுப்பட்டதே, அது நான்தான். மைத்துனியின் போன். என் இலக்கத்தைத்தான் நீ தடுத்து வைத்திருக்கிறாயே. குளியலறைக்குள் ஒளித்து நின்று எடுப்பேன், உன் குரலைக் கேட்டதும் வெட்டிவிடுவேன். குளியலறைக் கதவைத் தட்டி என் மனுசி ஸ்ரெல்லா கேட்டாள்: "உள்ளுக்கை ஆரோடை கதைக்கிறியள்?" "ஒருத்தரோடையும் இல்லை" என்றேன். இந்த வருடம் நான் அவளுக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்ரூடியோவைப் பிரித்தபோது, சேர்வருக்குள் இருந்த நான்கு டிஸ்க்கில் உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. காணி பிரிக்கும்போதுகூட எங்கள் சனம் இவ்வளவு நீதியாகப் பிரிப்பதில்லை. என்னுடைய இரண்டையும் புதுக் கணினியில் பூட்டினால், உன் லினக்ஸ் மென்பொருள் அவற்றைத் திறக்கமாட்டேன் என்கிறது! நாங்கள் வெயிலில் நின்று பிடித்த கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் எங்கே? எனக்கு வெறும் டிஸ்க்கைத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் நீ இணுவிலில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்காகக் கேட்கவில்லை. கத்தரீனா அக்காவின் மகள் ஜெசிதாவுக்கு ஜூன் எட்டாம் திகதி தேவாலயத்தில் கலியாணம். தகப்பன் யாகோப்பு அண்ணை கடலோடு போனபோது அவளுக்கு எட்டு வயது. அவர் அரசனாக வந்து பாடிய நாட்டுக்கூத்து எங்கள் சேர்வரில் மட்டும்தான் இருக்கிறது. "மாமா, அப்பாவின்ரை குரல் எனக்கு மறந்துபோச்சு. கேட்டிட்டுத்தான் கோயிலுக்குப் போவன்" என்கிறது பிள்ளை. நானும் பெரிய மனிதன் மாதிரி "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒழுங்காக அனுப்பிவிடு.

உன்னால் ஏமாற்றப்பட்ட
றஞ்சித்

*

இணுவில்
14.05.2024

றஞ்சித்துக்கு,

உன் ஊமை அழைப்புகளால் என் வீட்டில் ஒரு கிழமையாகக் கறியில் உப்பில்லை. "ஆரவள்?" என்று என் மனுசி தயாளினி கேட்காத நேரமில்லை. உன் கடிதத்தைக் காட்டினேன். வயிறு பிடித்துச் சிரித்துவிட்டு, "பாவம் அந்த மனிசன்" என்கிறாள். பாவம் நீயாம்!

வெறும் டிஸ்க்கை நான் தந்தேனா? நான் தேத்தண்ணி குடிக்கப்போன நேரம் பார்த்து, பெட்டியைக் கழற்றி, மேலே இருந்த இரண்டையும் உருவிக்கொண்டு போனது யார்? தலைபாடாய் அடித்துச் சொன்னேனே: நான்கையும் ஜோடி கட்டி வைத்திருக்கிறேன் என்று. மேலே இரண்டும் ஒரு ஜோடி. ஒன்றில் உள்ளது அப்படியே மற்றதிலும் இருக்கும். கீழே இரண்டும் அப்படித்தான். இரண்டு ஜோடியும் சேர்ந்தால்தான் ஒரே சேமிப்பிடம்; அதைத்தான் குளம் என்பது. ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாகி இரண்டு பக்கமும் கிடக்கும்.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எடுத்திருந்தாயானால், உன்னிடமும் எல்லாம் இருந்திருக்கும், என்னிடமும் எல்லாம் இருந்திருக்கும். நீயோ ஒரு ஜோடியை முழுதாகத் தூக்கிவிட்டாய். இப்போது யாகோப்பு அண்ணையின் கிரீடம் உன்னிடம், மீசை என்னிடம். பார்ப்பதற்கு ஒருவரிடமும் ஒன்றுமில்லை.

அதைக்கூடப் பொறுப்பேன். சுபாஸின் சலூனில், அவ்வளவு பேருக்கு முன்னால், "நாலு டிஸ்க் வாங்கினம், இடம் ரெண்டுக்குத்தான் காட்டுது. மற்ற ரெண்டையும் உவன் விழுங்கிப்போட்டான்" என்று சொன்னாயே, அதை எப்படிப் பொறுப்பது? ஸ்ரூடியோ உடைந்தது அந்த ஒரு வாயால்தான். அதே சலூனில், அதே வாயால், நான் கள்ளனில்லை என்று சொல். பிறகு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பு. பிள்ளைக்காகச் செய்கிறேன், உனக்காக இல்லை.

சிவரூபன்

*

குருநகர்
17.05.2024

சிவாவுக்கு,

சொல்லிவிட்டேன். என் தொண்டையில் சுபாஸ் சவரக்கத்தியை வைத்திருந்தபோதே சொன்னேன். "அந்த ரெண்டையும் ஒருத்தரும் விழுங்கேல்லை. அது மற்ற ரெண்டிலையும் உள்ளதின்ரை கொப்பி."

"அப்ப ஏன் அண்ணை அண்டைக்கு வேறை மாதிரிக் கதைச்சனீங்கள்?" என்றான் சுபாஸ்.

மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பரமலிங்கம் மாஸ்டர், "நாங்கள் அண்டைக்கே நம்பேல்லையடாப்பா" என்றார். நம்பாதவர் எதற்காக அதை ஊர் ஊராக மயிலிட்டி வரைக்கும் காவிக்கொண்டு போய்ச் சொன்னார்? கேட்டிருப்பேன். கத்தி இருந்த இடம் சரியில்லை.

டிஸ்க் இரண்டையும் டிலக்ஷனின் ஓட்டோவில் அனுப்புகிறேன். அரிசி உதிர்ந்தால் கத்தாதே. எங்கள் பக்கத்து உப்புக்காற்று உனக்குத் தெரியாததா? ஈரம் பிடிக்காமல் இருக்க அரிசி வாளிக்குள் தாட்டு வைத்திருந்தேன். நனைந்த போனை எல்லாரும் அப்படித்தானே வைக்கிறார்கள்?

றஞ்சித்

*

இணுவில்
21.05.2024

றஞ்சித்,

நனைந்த போனை வைப்பார்கள். நனையாத டிஸ்க்கை எவனடா வைப்பான்?

உன்னுடையதில் ஒன்று சுற்றவே இல்லை. மின்சாரம் போகும் வாய்க்குள் குறுநொய், அதற்குள் ஒரு வண்டு குடும்பம் நடத்துகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓட்டோவைத் திருப்பியிருப்பேன். தயாளினிதான் "மற்றதைப் பூட்டிப் பாருங்கோவன்" என்றாள்.

பூட்டினேன். குளம் திறந்தது. ஒன்றும் குறையவில்லை. நான் விழுங்கிவிட்டேன் என்று நீ ஏசிய அந்தக் கொப்பிதான் யாகோப்பு அண்ணையைக் காப்பாற்றியது. இதை வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் வெட்கப்படு.

செத்ததின் இடத்தில் புது டிஸ்க் ஒன்று போட்டேன். ஜோடியைப் பார்த்து அது தானாகவே எழுதிக்கொண்டிருக்கிறது. கூத்தை ஜெசிதாவுக்கு அனுப்பிவிட்டேன். பெட்டி இனி இணுவிலில்தான் இருக்கும். அரிசியும் உப்புக்காற்றும் இல்லாத இடம். உனக்கு ஒரு கடவுச்சொல் தருகிறேன், அங்கிருந்தே பார். திருகாணியை மட்டும் தொடாதே.

உன் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். இனி அழைத்தால் வாய் திறந்து கதை.

சிவா

*

குருநகர்
10.06.2024

அன்பின் சிவா,

போனில் சொல்லக்கூடிய விசயமில்லை, பக்கத்தில் ஸ்ரெல்லா நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஜெசிதாவின் கலியாணத்தன்று நீ அளவெட்டியில் வேறொரு கலியாணத்தைப் படம்பிடிக்கப் போய்விட்டாய். இங்கே பெரிய திரை கட்டிக் கூத்தைப் போட்டோம். யாகோப்பு அண்ணை கிரீடத்தோடும் மீசையோடும் முழுதாக வந்தார். அந்த இழுவைப் பாட்டுக்கு ஜெசிதா கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான் அப்பா, இதுதான் அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முகப்பூச்செல்லாம் கரைந்து, திரும்பப் பூசி, கோயிலுக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் போனோம். சுவாமியார் முறைத்தார். சனமெல்லாம் "சிவரூபன் கெட்டிக்காரன்" என்றது. டிஸ்க்கை அரிசிக்குள் வைத்துக் காத்த என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! இந்த ஊருக்கு நன்றி என்பது கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகு கத்தரீனா அக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டா. கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னா:

"தம்பி, பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். அந்த முறை இவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வாயை மட்டும்தான் அசைச்சவர். படங்குத் திரைக்குப் பின்னாலை நிண்டு பாடினது பாசையூர்ப் பொடியன் ஒருத்தன். பேரும் நினைவில்லை."

றஞ்சித்