ஐந்தாவது ஜாடி

ராட்சபுரி
4 பிப்ரவரி 2017

பிம்சிரிக்கு,

உன் ஒன்பது ஜாடிகளையும் நம் சூளையில் வைக்க நான் மறுத்துவிட்டேன் என்று உன் அத்தை பாங்காக் முழுக்கச் சொல்லி வருகிறாளாம். நான் மறுக்கவில்லை. ஒரே டிராகனை ஒன்பது ஜாடிகளில் நீட்டி வரைந்தால், வயிறு மட்டும் உள்ள ஜாடியை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். கேட்பது மறுப்பாகாது.

நீ பதில் சொல்லாததால், சந்தையில் மீன் சாஸ் விற்கும் நொய்யைக் கேட்டேன். "வயிறா? எனக்கே குடுங்கம்மா. என்கிட்டயும் பாக்கறதுக்கு அது ஒண்ணுதானே இருக்கு!" என்றாள். சந்தையே சிரித்தது. நானும்தான்.

புதனன்று மேஸ்திரி ஹெங் சூளை மூட்டுகிறார். உன் ஒன்பதும் உள்ளே போகும்.

அம்மா


பாங்காக்
16 பிப்ரவரி

அன்புள்ள அம்மா,

ஜாடிகள் உடையாமல் வந்தன. ஆனால் ஐந்தாவது மட்டும் மூன்று விரல் குள்ளம். வரிசையில் வைத்தால் டிராகனின் முதுகுக் கோடு அங்கே அறுந்து நிற்கிறது. கண்காட்சி இருபத்தைந்தாம் தேதி. புதிதாகச் செய்ய நேரமில்லை.

அதிகச் சூட்டில் சுருங்கியிருக்கிறது. அதைச் சூளையின் நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் ஹெங் மாமா. நாற்பது வருடம் சூளை பார்த்தவர்! ஃபோனில் கேட்டேன். "ஆமாம்மா, என் தப்புதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். இனி என் ஜாடிகளை அவர் தொட வேண்டாம். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், மன்னியுங்கள்.

பிம்


ராட்சபுரி
19 பிப்ரவரி

பிம்சிரிக்கு,

ஹெங் பொய் சொன்னார். அங்கே வைத்தது நான்.

"அங்க வேணாம் முதலாளியம்மா, சுருங்கிப்போயிடும்" என்றார்.

"எவ்வளவு சுருங்கும்?"

"அத எப்படிச் சொல்றது? வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வைத்துப் பார்த்தேன். உன் அப்பா இருந்தவரை சூளைக்குள் என்னைத் தலை நீட்ட விட்டதில்லை. முப்பத்தெட்டு வருடம் வெளியே நின்றுதான் பார்த்தேன். இது காரணம்தான், நியாயம் ஆகாது. உன் ஜாடியில் அதைச் செய்திருக்கக் கூடாது. இன்று காலை சர்ச்சில் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து இதைச் சொன்னேன். ஃபாதர் மன்னித்துவிட்டார். ஜாடி அவருடையதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் ஒன்பதையும் முற்றத்தில் வரிசையாக வைத்தேன். அந்தக் குள்ள ஜாடியில் டிராகன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதுபோல் எனக்குத் தெரிந்தது. நிஜமாகவே அப்படி இருக்கிறதா, என் குற்ற உணர்ச்சி காட்டியதா? எனக்கு இந்தப் படிப்பு இல்லை, உனக்கு இருக்கிறது. நன்றாக இல்லையென்றால் எட்டை மட்டும் வை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஹெங்கைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பதையும் சேர்த்து எழுது. அவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஃபோன் வேண்டாம். கடிதமாகப் பதில் போடு.

உன் அம்மா
தெரேசா சொம்ஜித்